காமா கோடுகளின் சாட்சியம் எதுவரை செல்லும்?

செங்கல்லையும் ஆற்று வண்டலையும் பொடித்து, காமா நிறமாலைமானியில் வைத்து அளக்கும் ஆய்வுகள் வட தமிழகத்தில் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆகிய இடங்களின் இயற்பியலாளர்கள் இதில் முன்நிற்கிறார்கள். பெண்ணையாற்றுப் படிவுகளின் கதிரியக்கத்தைப் பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 2009இலும் 2011இலும் கட்டுரைகள் வெளிவந்தன. அந்த ஆற்றின் தண்ணீர்தான் சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வந்து சேர்கிறது. எனவே புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் நெல் வைப்பவருக்கும், வில்லியனூர் கொம்யூனில் பக்கத்துச் சூளையில் கல் வாங்கி வீடு கட்டுபவருக்கும் இந்த ஆய்வுகள் வேற்றூர் விஷயம் அல்ல.

இத்தகைய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் எழுதப்படுகின்றன. முதலில் மாதிரியில் ரேடியம், தோரியம், பொட்டாசியம் எத்தனை பெக்கரல், அதாவது நொடிக்கு எத்தனை சிதைவு, என்று வருகிறது. அடுத்து அந்த மூன்று எண்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு குறியீட்டெண் கணக்கிடப்படுகிறது. பல கட்டுரைகள் அங்கே நிற்காமல், வாழ்நாளில் கூடுதலாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இவ்வளவு என்று ஒரு பின்னத்தையும் எழுதி முடிக்கின்றன. படிப்பவர் கண்ணுக்குப் பெக்கரலும் குறியீட்டெண்ணும் பின்னமும் ஒரே எடையில் தெரியும். ஒரே கருவியிலிருந்து, ஒரே அட்டவணையில் வந்தவை என்பதால் ஒரே நம்பகத்தன்மை என்று தோன்றும். அது சரியா என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். 1900இல் பாரிஸில் போல் வில்லார் ரேடியத்திலிருந்து வரும் மிக ஊடுருவும் கதிர் ஒன்றைக் கண்டார். 1903இல் ரதர்ஃபோர்டு அதற்குக் காமா என்று பெயர் வைத்தார். 1914இல் ரதர்ஃபோர்டும் ஆண்ட்ரேடும் படிகத்தில் அதைச் சிதறவைத்து, அது ஒளியின் இனத்தைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். கதிரியக்கச் சிதைவில் பிறக்கும் புதிய அணுக்கரு பல நேரங்களில் அமைதி நிலையில் பிறப்பதில்லை. கூடுதல் ஆற்றலோடு, கிளர்ந்த நிலையில் பிறக்கிறது. அந்தக் கூடுதல் ஆற்றலைக் கழித்துவிட்டு இறங்கும்போது வெளியேறுவதுதான் காமா. அணுக்கருவின் ஆற்றல் படிகள் அந்தந்த அணுக்கருவுக்கே உரியவை. ஆகவே வெளிவரும் காமாவின் ஆற்றலும் அதற்கே உரியது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. 'பொட்டாசியம்-40இன் காமா' என்று நாம் சொல்லும் 1,461 கேஇவி, அதாவது 1,461 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரை வெளியிடுவது பொட்டாசியம் அல்ல. பொட்டாசியம்-40 சிதைவதில் ஏறத்தாழ 100க்கு 11 பங்கு ஆர்கான்-40 ஆகிறது. கிளர்ந்த நிலையில் பிறந்த அந்த ஆர்கான்தான் கதிரை விடுகிறது. ரேடியத்தை அளக்கப் பயன்படும் 609, 1,764 கேஇவி கோடுகள் பிஸ்மத்-214 சிதைந்து பிறந்த பொலோனியம்-214இலிருந்து வருபவை. தோரியத்தை அளக்கும் 2,614 கேஇவி கோடு, தோரியம் வரிசையின் கடைசியில் தாலியம்-208 சிதைந்து உண்டாகும் ஈயம்-208இன் முதல் கிளர் நிலையிலிருந்து வருவது. வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்து உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்வது போன்ற அனுமானம் இது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் செருப்புக்கு உரியவர் உள்ளேதான் இருக்கிறார் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

அந்தச் சான்றுக்குப் பெயர் சமநிலை. ரேடியம்-226 சிதைந்து முதலில் ரேடான்-222 ஆகிறது. ரேடான் ஒரு வாயு. அரை ஆயுள் 3.82 நாள். பொடித்த செங்கல்லைத் திறந்த டப்பாவில் வைத்தால் ரேடானில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். அது போனால் அதற்குப் பின்னால் வரவேண்டிய பிஸ்மத்தும் குறையும். 609 கேஇவி கோடு தளர்ந்து, ரேடியம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதனால்தான் மாதிரியைக் காற்றுப் புகாமல் மூடி நான்கு வாரம் காத்திருக்கிறார்கள். ஏழு அரை ஆயுள் கடந்தால் இழந்த ரேடானில் 99 சதவீதத்துக்கு மேல் மீண்டும் ஊறிவிடும். இந்தக் காத்திருப்பைச் சொல்லாத கட்டுரையின் ரேடிய எண்ணை நான் நம்பமாட்டேன். மூடியது எதனால், எந்த அடைப்பானால் என்பதையும் சொல்வது நல்லது. பிளாஸ்டிக் டப்பாவின் மூடி இடுக்கு வழியே கசிந்தாலும் விளைவு ஒன்றுதான்.

அளக்கும் கருவி அடுத்த கேள்வி. கல்லூரி ஆய்வகங்களுக்கு எட்டக்கூடியது தாலியம் சேர்த்த சோடியம் அயோடைடு படிகம். 1948இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் கொண்டுவந்தது. அறை வெப்பநிலையில் இயங்கும். காமாவை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பகுத்தறியும் திறன் குறைவு: 662 கேஇவியில் சுமார் 7 சதவீதம், அதாவது 46 கேஇவி அகலத்துக்கு ஒரு கோடு பரந்து தெரியும். தோரியம் வரிசையின் 583 கேஇவி கோட்டுக்கும் யுரேனியம் வரிசையின் 609 கேஇவி கோட்டுக்கும் இடைவெளி 26 கேஇவிதான். சோடியம் அயோடைடின் கண்ணில் இரண்டும் ஒரே மேடு. திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்விக்க வேண்டிய உயர்தூய ஜெர்மானியமோ 1,332 கேஇவியில் ஏறத்தாழ 2 கேஇவி அகலத்தில் கோட்டைக் காட்டிவிடும். அதற்கு அவை தெளிவாக இரண்டு கோடுகள்.

இதனால் சோடியம் அயோடைடை ஒதுக்கிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அதைப் பயன்படுத்துபவர்கள் நெரிசலான கீழ் ஆற்றல் பகுதியை விட்டுவிட்டு, 1,461, 1,764, 2,614 என்ற மூன்று மேல் கோடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இவை ஒன்றுக்கொன்று போதுமான தொலைவில் உள்ளவை. அது நியாயமான வழி. அதற்கு ஒரு விலை உண்டு. 2,614 கேஇவி காமா படிகத்துக்குள் முழு ஆற்றலையும் விடாமல் சிதறிப் போகும்போது, கீழே உள்ள இரண்டு கோடுகளைச் சுற்றி எண்ணும் சாளரங்களிலும் பொய் எண்ணிக்கை விழும். எனவே முதலில் தோரியத்தைக் கணக்கிட்டு, அதன் பங்கை யுரேனியச் சாளரத்திலிருந்து கழித்து, பிறகு இரண்டின் பங்கையும் பொட்டாசியச் சாளரத்திலிருந்து கழிக்க வேண்டும். கழித்தலில் பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். தோரியம் மிகுந்த மாதிரியில் ரேடியத்தின் எண் மிகவும் நிச்சயமற்றதாகிவிடும். இன்னொரு இடறல்: பிஸ்மத்-212இல் நூற்றுக்கு 36தான் தாலியம்-208 ஆகிறது, மீதி வேறு வழி போகிறது. இந்த 36ஐக் கணக்கில் சேர்க்க மறந்தால் தோரியம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஜெர்மானியமும் குறையற்றது என்று நினைக்க வேண்டாம். ரேடியம்-226 நேரடியாகத் தரும் ஒரே வலுவான கோடு 186.2 கேஇவி. யுரேனியம்-235 தரும் கோடு 185.7. அரை கேஇவி இடைவெளியை ஜெர்மானியத்தாலும் பிரிக்க முடியாது. இந்த ஒரு கோட்டை மட்டும் வைத்து, நான்கு வாரக் காத்திருப்பைத் தவிர்த்து, 'ரேடியம்' என்று எழுதினால் அந்த எண்ணில் யுரேனியமும் கலந்திருக்கும். கட்டுரையில் எந்தக் கோடு பயன்பட்டது என்பதைத் தேடிப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

பின்னணிக் கழிப்பு இதைவிட எளிதாகத் தோன்றும், எளிதல்ல. அளக்கும் ஆய்வகத்தின் சுவரும் செங்கல்தான். அந்தச் சுவரிலும் அதே பொட்டாசியம், அதே தோரியம். ஈயக் கவசத்துக்குள் கருவியை வைத்தாலும் சுவரின் காமாவில் ஒரு பகுதி உள்ளே வரும். காலி டப்பாவை, மாதிரியை அளந்த அதே நேரத்துக்காவது அளந்து கழித்தால்தான் மிஞ்சுவது மாதிரியுடையது. எண்ணிக்கையின் இயல்பான தள்ளாட்டம் அதன் வர்க்கமூலம்: 2,500 எண்ணிக்கை வந்தால் பிழை 50, அதாவது 2 சதவீதம். பின்னணியும் 2,000 என்றால் நிகரம் 500. இரண்டின் தள்ளாட்டமும் சேர்ந்து பிழை 67 ஆகிவிடும். 2 சதவீதம் 13 சதவீதமாகிவிட்டது. அப்படிப்பட்ட எண்ணுக்கு இரண்டு தசம இடம் போட்டு எழுதுவது அறிவியல் ஆகாது.

இவ்வளவு நிபந்தனைகளையும் சொல்லிவிட்டுச் சொல்கிறேன்: பெக்கரலை எட்டும் இந்த முதல் படி நல்ல படி. மேலே சொன்ன ஒவ்வொரு குறைக்கும் தெரிந்த தீர்வு இருக்கிறது. பன்னாட்டு அணுசக்தி முகமை தரும் தரநிலை மாதிரிகளை வைத்துக் கருவியைச் சரிபார்க்கலாம். ஒரே மண்ணை இரண்டு ஆய்வகம் அளந்து ஒப்பிடலாம். தவறு நடந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கும் அளவீடு இது. ஒரு முறையை மதிப்பிட இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது படியில் ஏறும்போது தரை இளகத் தொடங்குகிறது.

பெரிதும் புழங்குவது 'ரேடியம் சமான' எண். ரேடியத்தின் பெக்கரலோடு, தோரியத்தை 1.43ஆலும் பொட்டாசியத்தை 0.077ஆலும் பெருக்கிக் கூட்டுவார்கள். கூட்டல் கிலோவுக்கு 370 பெக்கரலுக்குக் கீழே இருந்தால் கட்டுமானத்துக்கு உகந்தது. இந்த 370 எங்கிருந்து வந்தது? பழைய அலகில் ஒரு கிராமுக்கு 10 பிக்கோக்யூரி என்பதைப் புதிய அலகுக்கு மாற்றினால் கிலோவுக்கு 370 பெக்கரல். தோரியத்துக்கு 7, பொட்டாசியத்துக்கு 130 பிக்கோக்யூரி. மாற்றினால் 259, 4,810. 370ஐ 259ஆல் வகுத்தால் 1.43, 4,810ஆல் வகுத்தால் 0.077. மூன்று இலக்கத் துல்லியம் போலத் தெரிவது, முழு எண்ணாக வட்டமிட்டு எடுத்த தீர்மானங்களின் அலகுமாற்றம். ஆகவே 362 வந்த கல் நல்லது, 378 வந்த கல் ஆபத்து என்று சொல்ல இந்த எண்ணுக்கு வலு இல்லை. வடிகட்டியாக மட்டும் பயன்படுத்தினால் நல்ல கருவி. உலகின் இடைநிலை மண்ணான ரேடியம் 35, தோரியம் 30, பொட்டாசியம் 400 பெக்கரலைப் போட்டுப் பார்த்தால் 109 வருகிறது. எல்லையிலிருந்து மூன்று மடங்குக்கு மேல் விலகி நிற்கும் ஒரு கல்லுக்கு 'கவலை வேண்டாம்' என்று சொல்ல அந்த எண் தாராளமாகப் போதும்.

'உலகச் சராசரியை விட அதிகம்' என்ற வாக்கியம் இந்தக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். அதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஐ.நா.வின் அணுக்கதிர்வீச்சு விளைவுகள் பற்றிய அறிவியல் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கையில் மண்ணின் தோரியத்துக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன: நாடுகளின் இடைநிலை 30, மக்கள்தொகை எடையிட்ட சராசரி 45. ஒரு கல்லில் தோரியம் 40 என்றால், ஒன்றோடு ஒப்பிட அதிகம். மற்றொன்றோடு ஒப்பிடக் குறைவு. எந்த எண்ணை எடுத்தார்கள் என்று பார்க்காமல் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. இரண்டாவது, சராசரி என்பது எல்லை அல்ல. சங்கராபரணி செஞ்சிக் குன்றுகளின் பாறை நாட்டிலிருந்து இறங்கி வில்லியனூரைக் கடந்து கடலுக்குப் போகிறது. கிரானைட்டும் நைசும் உதிர்ந்து வந்த மண்ணில் பொட்டாசியமும் தோரியமும் கூடுதலாக இருந்தால் அது அந்தப் பாறையின் இயல்பு. வில்லியனூர்ச் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்ததும், அக்கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைக்கக் காரணமானதும் இந்த வட்டாரக் களிமண்தான். ஆற்றின் மேற்பகுதியில் எந்தப் பாறை இருக்கிறது என்று பார்க்காமல், 'அதிகம்' என்று மட்டும் எழுதுவது அந்த மண்ணைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது. 2011ஆம் ஆண்டின் பெண்ணையாற்றுக் கட்டுரை கதிரியக்கத்தை வண்டலின் கனிமச் சேர்க்கையோடு பொருத்திப் பார்க்க முயன்றது. இந்த வகை ஆய்வுகளில் நான் மேலாக மதிக்கும் போக்கு அதுவே.

கதிர்வீச்சளவாக மாற்றும் குணகங்களில் இன்னும் பெரிய பிரச்சினை ஒளிந்திருக்கிறது. 0.462, 0.604, 0.0417 என்று மூன்று எண்களைப் பெரும்பாலான கட்டுரைகளில் காணலாம். இவை முடிவற்றுப் பரந்த வெட்டவெளி மண்ணின் மேல் ஒரு மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கானவை. செங்கல்லோ நான்கு பக்கமும் சுவராக நிற்பது. ஐரோப்பிய ஆணையம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி, நான்குக்கு ஐந்து மீட்டர் கான்கிரீட் அறைக்குள் இருப்பவருக்கு 0.92, 1.1, 0.08 என்று கொடுக்கிறது. மேலே சொன்ன அதே இடைநிலை மண்ணுக்கு முதல் வரிசை மணிக்கு 51 நானோகிரே தருகிறது, இரண்டாவது 97. அளந்த மாதிரி ஒன்றே. குணகத்தை மாற்றியதும் விடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. செங்கல்லை அளந்துவிட்டு வெட்டவெளிக் குணகத்தைப் போடும் கட்டுரை, கருவியில் 5 சதவீதப் பிழையைக் குறைக்க மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, கடைசி வரியில் 90 சதவீதப் பிழையை உள்ளே விடுகிறது. நம் ஊர்ச் சுவர் கான்கிரீட் அல்ல, ஒன்பது அங்குலச் செங்கல், கூரை வேறு. நம் வீடுகளுக்கான குணகத்தைக் கணக்கிட்டுத் தரும் வேலை இன்னும் தேவைப்படுகிறது. அதைச் செய்ய அளவுநாடாவும் ஒரு கணினியும் போதும்.

இனி மூன்றாவது படி. வாழ்நாள் கூடுதல் புற்றுநோய் வாய்ப்பு.

கணக்கு இதுதான். ஆண்டுக்கான கதிர்வீச்சளவை 70 ஆண்டால் பெருக்கி, பிறகு ஒரு சீவெர்ட்டுக்கு 0.05 என்ற குணகத்தால் பெருக்குகிறார்கள். இடைநிலை மண்ணின் 51 நானோகிரேயை, நாளில் ஐந்தில் ஒரு பங்கு வெளியில் இருப்பதாகக் கொண்டு மாற்றினால் ஆண்டுக்கு 0.06 மில்லிசீவெர்ட், பெருக்கினால் பத்தாயிரம் பேரில் இரண்டு பேர். எண்ணைப் பார்த்ததும் ஒரு கொம்யூனுக்கு இத்தனை பேர் என்று மனம் கணக்குப் போடும். போடக் கூடாது. அந்தக் குணகம் பெரும்பகுதி ஹிரோஷிமா, நாகசாகியில் ஒரே நொடியில் கதிர்வீச்சு பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததிலிருந்து கீழ்நோக்கி நீட்டப்பட்டது. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு எல்லை வகுக்க, எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்து, வைத்துக்கொண்ட கருதுகோள். மிகச் சிறிய அளவுகளைப் பெரிய மக்கள்தொகையால் பெருக்கி இத்தனை பேர் இறப்பார்கள் என்று கணக்கிடுவது பொருந்தாது என்று பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமே தன் 2007 பரிந்துரைகளில் எழுதியிருக்கிறது. அந்த ஆணையத்தின் குணகத்தை எடுத்துக்கொண்டு, அதே ஆணையத்தின் எச்சரிக்கையை விட்டுவிடுவது நேர்மையான வாசிப்பு அல்ல.

புள்ளியியலும் இந்தப் படியைத் தாங்காது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணிப்பில் இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரக்கூடும். பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 1,100. இந்த எண் தற்செயலாகவே 33 மேலும் கீழும் ஆடும். புகையிலை, குடி, உணவு, தொற்று என்று காரணங்கள் மாறும்போது இன்னும் ஆடும். இதில் இரண்டு பேரைத் தனியே பிரித்தெடுத்து, 'இவர்கள் செங்கல்லால்' என்று யாராலும் காட்ட முடியாது. காட்டவும் மறுக்கவும் வழியில்லாத ஓர் எண்ணை ஆய்வு முடிவு என்று அழைக்கக் கூடாது.

எதிர்த்தரப்பில் ஒன்று சொல்லலாம்: சோதிக்கவே முடியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள், கேரளத்தில் சோதித்தார்களே. உண்மை. மோனசைட் மணல் நிறைந்த கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 1,379 புற்றுநோய்கள் பதிவாகின. தரையின் காமா கூடக் கூடப் புற்றுநோய் கூடவில்லை. ஒரு கிரேக்குக் கூடுதல் ஒப்பீட்டு வாய்ப்பு கழித்தல் 0.13, நம்பக எல்லை கழித்தல் 0.58 முதல் கூட்டல் 0.46 வரை. இதை வைத்து, இயற்கைக் கதிர்வீச்சு தீங்கற்றது என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்பவர்களையும் ஏற்க முடியாது. குண்டுவீச்சில் தப்பியவர்களிடமிருந்து பெற்ற மதிப்பு அந்த எல்லையின் மேல் விளிம்பை ஒட்டித்தான் இருக்கிறது; எல்லை அவ்வளவு அகலமானது. கருநாகப்பள்ளி சொல்வது ஒன்றைத்தான்: வில்லியனூர் போன்ற ஊர்களைவிடப் பல மடங்கு காமா உள்ள இடத்தில், எழுபதாயிரம் பேரைப் பத்தாண்டு பார்த்தும் விளைவைப் பிரித்தறிய முடியவில்லை. அப்படியிருக்க, நான்கு சூளைக் கல்லைப் பொடித்து அதிலிருந்து புற்றுநோய்ப் பின்னம் எழுதுவதற்கு என்ன ஆதாரம் மிஞ்சுகிறது?

பெரிய எண்ணே ஆபத்து ஆகிவிடாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பாகூர் வயலில் இறங்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் ஏழு லட்சம் பெக்கரலுக்கு மேல் பொட்டாசியம்-40 இருக்கிறது. அதைத் தோளில் சுமப்பவரின் உடலிலேயே நான்காயிரம் பெக்கரல் அளவு இருக்கிறது. உடல் பொட்டாசியத்தைத் தானே நிலைப்படுத்துவதால், வயலில் எவ்வளவு போட்டாலும் உடலில் அது ஏறாது. பெக்கரல் எண் பெரிதாக இருப்பதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், எண்ணை மறைக்கவும் வேண்டாம்.

செங்கல் ஆய்வுகளின் பெரிய குறை, அளந்ததில் இருப்பதைவிட அளக்காததில் இருக்கிறது. ஐ.நா. குழுவின் கணக்கில் ஒருவருக்கு இயற்கையிலிருந்து ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவெர்ட். அதில் மண்ணும் சுவரும் தரும் வெளிக் காமா 0.48, மூச்சில் போகும் ரேடானும் அதன் வழித்தோன்றல்களும் 1.26. காமா நிறமாலைமானி பார்ப்பது சிறிய பங்கை. டப்பாவை மூடி வைத்து ரேடானைப் பிடித்து நிறுத்தி அளக்கிறோம். வீட்டிலோ அது சுவரை விட்டு வெளியேறி அறையில் கலக்கிறது. எவ்வளவு வெளியேறும் என்பது கல் எந்த வெப்பத்தில் சுட்டது, பூச்சு என்ன, ஜன்னல் திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. சூளையில் நன்றாகச் சுட்ட களிமண் ரேடானை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதே ரேடியம் உள்ள பச்சை மண்சுவர் கூடுதலாக விடும். இரண்டுக்கும் காமா எண் ஒன்றாகவே வரும். இதற்குத் தேவை அறையில் மூன்று மாதம் தொங்கவிடும் ஆல்ஃபா தடப் படலம். விலை குறைவு, செய்பவர்களும் குறைவு.

இதே காமாவைப் பாகூரில் வேறொரு கேள்விக்குப் பயன்படுத்தும்போது அதன் உண்மையான வலு தெரிகிறது. பாகூர்ப் பகுதியின் ஆழத்தில் லிக்னைட் இருக்கிறது. தேசியக் கனிமக் கணக்கில் புதுச்சேரியின் பெயரில் எழுதியிருக்கும் சுமார் 416 மில்லியன் டன் அதுவே. லிக்னைட் தேடும் ஆழ்துளைகளில் காமா மானியை இறக்கி மேலே இழுத்துக்கொண்டே பதிவெடுப்பது வழக்கம். களிமண்ணில் பொட்டாசியமும் தோரியமும் கூடுதல், எண்ணிக்கை ஏறும். மணலில் இறங்கும். செடிகொடி மட்கி உண்டான லிக்னைட்டில் இன்னும் இறங்கும். எந்த ஆழத்தில் எது தொடங்கி எங்கே முடிகிறது என்பது காகிதத்தில் வளைகோடாக வந்துவிடும். ஒரு சீசியம் மூலத்தின் 662 கேஇவி காமாவை அனுப்பி அடர்த்தியையும் அளந்தால், மணலையும் லிக்னைட்டையும் சந்தேகமின்றிப் பிரிக்கலாம்.

தண்ணீர் தேடுபவருக்கு இது இன்னும் நெருக்கமானது. கடலோரத்தில் மின்தடையை மட்டும் பார்த்து நீர்ப்படுகையைத் தேடினால், உப்புநீர் ஏறிய மணலும் களிமண்ணும் ஒன்றுபோலக் குறைந்த தடையையே காட்டும். காமாவுக்கு நீரின் உப்பு தெரியாது. களியையும் மணலையும் அது பிரித்துச் சொல்லும். இரண்டு பதிவையும் அருகருகே வைத்தால், 'இங்கே மணல் இருக்கிறது, ஆனால் உப்பேறிவிட்டது' என்பது தெளிவாகும். இரும்புக் குழாய் இறக்கிய பழைய ஆழ்துளைக் கிணற்றிலும் இதை எடுக்கலாம். ஏமாற்றும் இடங்களும் உண்டு: பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் மிகுந்த மணல் களியைப் போல நடிக்கும், யுரேனியம் தோய்ந்த லிக்னைட் தலைகீழாகக் காட்டும். ஆனால் இந்தத் தவறுகளை அடுத்த துளையோ, மேலே வந்த மண்ணோ உடனே காட்டிக்கொடுத்துவிடும். கேட்ட கேள்வி சிறியது, விடையைக் கையோடு சரிபார்க்கலாம். கிளர்ந்த அணுக்கரு தரக்கூடிய சாட்சியத்தை அதன் எல்லைக்குள் நிறுத்திக் கேட்பது இப்படித்தான்.

செங்கல் விஷயத்திலும் காமா அளவீடு இன்றியமையாத ஓர் இடம் இருக்கிறது. லிக்னைட்டை எரித்தால் கரிமம் போய்விடும். கனிமம் சாம்பலில் தங்கும். பத்தில் ஒரு பங்கு சாம்பல் என்றால், அதில் ரேடியமும் தோரியமும் ஏறத்தாழ பத்து மடங்கு செறிந்திருக்கும். அனல் மின் நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு 1999இல் ஆணையிட்டது. அந்த வட்டம் 2003இல் 100, 2016இல் 300 கிலோமீட்டராக விரிந்தது. நெய்வேலியை மையமாக வைத்தால் புதுச்சேரியின் எல்லாக் கொம்யூன்களும் அதற்குள் அடங்கும். சாம்பல் கல்லை மறுக்க இது காரணம் ஆகாது. வண்டலை மிச்சப்படுத்தும் நல்ல பொருள் அது. ஆனால் எந்தச் சுமை, எந்தத் தேதி, எத்தனை பெக்கரல் என்று அளந்து எழுதிவைக்க வேண்டிய பொருளும் அதுவே. எளிதில் மாறாத ஆற்று வண்டலைத் திரும்பத் திரும்ப அளப்பதைவிட, ஆண்டுக்கு ஆண்டு மாறும் இந்தக் கலவையை அளப்பது பயனுள்ளது.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. நிறமாலையிலிருந்து பெக்கரலுக்கு வரும் படியை, மூடிய நாட்களும் பயன்படுத்திய கோடுகளும் பின்னணிக் கழிப்பும் சொல்லப்பட்டிருந்தால், முழுமையாக ஏற்கலாம். குறியீட்டெண்ணை வடிகட்டியாக ஏற்கலாம். தசமத்தை நம்பக் கூடாது. சுவருக்கு வெட்டவெளிக் குணகம் போட்டிருந்தால் நிராகரிக்க வேண்டும். புற்றுநோய்ப் பின்னத்தை எந்த நிபந்தனையோடும் ஏற்க முடியாது. அந்த வரியை இத்தகைய கட்டுரைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இந்தத் துறையில் உழைக்கும் ஆசிரியர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அட்டவணையோடு நிற்காமல் நிறமாலைக் கோப்புகளையே பொதுவில் வையுங்கள். அடுத்த தலைமுறை வேறு குணகத்தால் மீண்டும் கணக்கிட முடியும். வில்லியனூரிலும் பாகூரிலும் வீட்டுக்குள் ரேடானை அளவிடுங்கள். மண்ணில் 662 கேஇவி கோடு எவ்வளவு இருக்கிறது, அல்லது எந்த அளவுக்குக் கீழே என்பதையும் ஊர்வாரியாகப் பதிவு செய்யுங்கள். இயற்கை வரிசைகளில் இடம்பெறாத சீசியம்-137இன் கோடு அது. கல்பாக்கம் நமக்கு வடக்கே ஒரு மணி நேரச் சொச்சப் பயணத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் யாராவது 'முன்பு எவ்வளவு இருந்தது' என்று கேட்டால், ஊகத்தை அல்ல, தேதியிட்ட நிறமாலையை எடுத்து நீட்ட வேண்டும்.